வெள்ளத்தில் நின்ற காரும் இலவச வாஷ் கூப்பனும்

ஜூலை முதல் வாரத்தில் என் காரின் காப்பீட்டுப் பாலிசி முடிகிறது. இது எனக்கு மறந்துபோனாலும் என் கைபேசியில் உள்ள செயலிகளுக்கு மறப்பதில்லை. மே மாதக் கடைசியிலேயே குறுஞ்செய்திகள் வரத் தொடங்கிவிடும். இன்றே புதுப்பித்தால் இரண்டு முறை கார் வாஷ் இலவசம், பெட்ரோல் போட ஐந்நூறு ரூபாய்க் கூப்பன், வாலட்டில் கேஷ்பேக், சினிமா டிக்கெட்டில் தள்ளுபடி என்று ஒவ்வொன்றும் ஒரு தாம்பூலத் தட்டை நீட்டும். வண்டி அடிபட்டால் சேதத்தை மதிப்பிடும் சர்வேயர் எத்தனை நாளில் வந்து பார்ப்பார் என்று எழுதிய ஒரு குறுஞ்செய்தியையும் நான் இதுவரை கண்டதில்லை.

2023-இல் நான் நிறுவனம் மாறியதற்கு இந்தத் தட்டும் ஒரு காரணம். பிரீமியமும் 1,150 ரூபாய் குறைவாக இருந்தது என்பது உண்மைதான். ஆனால், பழைய நிறுவனத்தோடு பேரம் பேசியிருந்தாலே அதில் பாதியாவது குறைந்திருக்கும். நான் பேசிப் பார்க்கவில்லை. இரவு பதினொரு மணிக்குப் படுக்கையில் சாய்ந்தபடி மூன்று முறை திரையைத் தட்டி முடித்துவிட்ட வேலை அது. அந்த மூன்று தட்டல்களில் நான் எதை வாங்கினேன், எதை விட்டேன் என்பது ஐந்து மாதம் கழித்து, மிக்ஜாம் புயலின்போதுதான் எனக்கு விளங்கியது. பாலிசி எடுக்கும்போது பார்க்க வேண்டியது சலுகையா சேவையா என்று நண்பர்கள் என்னிடம் கேட்கும்போதெல்லாம் நான் அந்த டிசம்பர் மாதத்தைத்தான் சொல்லத் தொடங்குகிறேன். அதற்கு முன், இந்தச் சலுகைகள் எங்கிருந்து முளைத்தன என்பதைக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும்.

நம் நாட்டில் கார் பாலிசி என்பது உண்மையில் இரண்டு பாலிசிகள் சேர்ந்தது. ஒன்று, நம் வண்டியால் பிறருக்கு நேரும் காயம், மரணம், பொருள் சேதம் ஆகியவற்றுக்கான மூன்றாம் தரப்புக் காப்பீடு. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 146-ஆவது பிரிவின்படி இது கட்டாயம். இதன் விலையை அரசே நிர்ணயிக்கிறது. 2022 ஜூன் முதல் நடைமுறைக்கு வந்த கட்டணப்படி 1000 சிசிக்கு மேல் 1500 சிசி வரையிலான காருக்கு 3,416 ரூபாய். எந்த நிறுவனத்திடம் போனாலும் அதே தொகைதான். மற்றொன்று, நம் வண்டிக்கே நேரும் சேதத்துக்கான ‘ஓன் டேமேஜ்’. 2006 முடியும்வரை இதற்கும் நாடு முழுவதும் ஒரே டாரிஃப், அதாவது நிர்ணயித்த கட்டணம், இருந்தது. 2007 ஜனவரி 1 முதல் அந்தக் கட்டுப்பாடு விலகி, நிறுவனங்கள் தத்தம் விலையைத் தாமே வைத்துக்கொள்ளத் தொடங்கின.

ஆக, போட்டி போடுவதற்கு நிறுவனங்களுக்குக் கிடைத்த இடம் ஓன் டேமேஜ் என்கிற அந்த ஒரு பாதி மட்டுமே. அதில் முதலில் தள்ளுபடியில் போட்டி போட்டார்கள். தள்ளுபடியும் ஒரு எல்லைக்கு மேல் போக முடியாது என்றான பிறகு, பிரீமியத்தைத் தொடாமல் வாடிக்கையாளரை இழுக்கும் வழிகள் தேவைப்பட்டன. 1938-ஆம் ஆண்டு இன்ஷூரன்ஸ் சட்டத்தின் 41-ஆவது பிரிவு, பாலிசி எடுக்கத் தூண்டுவதற்காகப் பிரீமியத்திலோ கமிஷனிலோ ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுப்பதைத் தடை செய்கிறது. மீறினால் பத்து லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். பாலிசித் தாளின் கடைசிப் பக்கங்களில் இந்தப் பிரிவை அச்சிட்டிருப்பார்கள், யாரும் படிப்பதில்லை. எனக்கு வந்த கூப்பன்களில் ஒன்றுகூடக் காப்பீட்டு நிறுவனத்தின் பெயரில் வரவில்லை. செயலியின் பெயரிலும் வங்கி அட்டையின் பெயரிலும்தான் வந்தன. அது தற்செயலா என்பதை வாசகர்களின் ஊகத்துக்கு விட்டுவிடுகிறேன்.

இனி டிசம்பருக்கு வருகிறேன். எங்கள் வீடு மடிப்பாக்கத்தில், ஏரிக்குப் பக்கத்தில் இருக்கிறது. 2023 டிசம்பர் 3-ஆம் தேதி இரவு தொடங்கிய மழை மறுநாள் முழுவதும் விடவில்லை. 4-ஆம் தேதி காலை ஏழு மணிக்குத் தெருவில் கணுக்கால் அளவு இருந்த தண்ணீர், பத்து மணிக்குள் வீட்டின் கீழ்த்தளப் பார்க்கிங்கில் ஏறி, கார் சக்கரங்களின் நடுமையத்தைத் தொட்டு, பிற்பகலில் இருக்கையின் மேல்மட்டத்தில் வந்து நின்றது. கார் கதவுகளுக்குள் தண்ணீர் புகுவது ஓசையில்லாத காரியம்; மாடிப்படியில் நின்றுகொண்டு அதை வெறுமனே பார்த்துக்கொண்டிருக்கத்தான் முடிந்தது. மின்சாரம் போயிற்று. மாலைக்குள் செல்பேசி சிக்னலும் போயிற்று. தண்ணீர் வடிய 6-ஆம் தேதி இரவு ஆயிற்று.

2015 வெள்ளம் எங்கள் பகுதிக்காரர்களுக்கு ஒரு பாடத்தைக் கற்றுக்கொடுத்திருந்தது: தண்ணீரில் நின்ற வண்டியைத் தண்ணீர் வடிந்ததும் ஸ்டார்ட் செய்து பார்க்கக் கூடாது. இன்ஜினுக்குள் காற்று போகும் வழியில் தண்ணீர் புகுந்திருந்தால், பிஸ்டன் மேலே வரும்போது அந்தத் தண்ணீரை அதனால் அழுத்த முடியாது. காற்று அமுங்கும், தண்ணீர் அமுங்காது. விளைவாகக் கனெக்டிங் ராடு வளையும். சில வண்டிகளில் அது இன்ஜின் பிளாக்கையே துளைத்துக்கொண்டு வெளியே வந்துவிடும். வழக்கமான பாலிசியில் வெள்ளமும் புயலும் காப்பீட்டுக்கு உட்பட்டவைதாம். ஆனால் தண்ணீர் வந்தது ஒரு சம்பவம், அதன் பிறகு சாவியைத் திருகியது வேறொரு சம்பவம், இன்ஜின் உடைந்தது இரண்டாவதன் விளைவு என்று சொல்லி அந்தச் செலவை ஒதுக்கிவிடுவார்கள். அதற்காகத்தான் ‘இன்ஜின் புரொடெக்ட்’ என்ற தனிச் சேர்க்கையை விற்கிறார்கள்.

அந்தச் சேர்க்கை என் பழைய பாலிசியில் இருந்தது, புதியதில் இல்லை. செயலி எனக்குக் காட்டிய தொகுப்பில், பாகங்களின் விலையில் தேய்மானம் கழிக்காமல் கொடுக்கும் ‘ஜீரோ டெப்’ இருந்தது, சாவி தொலைந்தால் மாற்றுச் சாவி இருந்தது, காருக்குள் வைத்த பொருள் திருடு போனால் இழப்பீடு இருந்தது, சாலையோர உதவி இருந்தது. இன்ஜின் புரொடெக்ட் என்ற பெட்டி மட்டும் டிக் இல்லாமல் கீழே கிடந்தது. மேலே கார் வாஷ் கூப்பனின் வண்ணப் படம். மடிப்பாக்கத்தில் குடியிருக்கிற ஒருவன், சாவிக்குக் காப்பீடு எடுத்துவிட்டு இன்ஜினுக்கு எடுக்காமல் விட்டான் என்பதை இன்றைக்கு எழுதும்போதும் எனக்கே சிரிப்பு வருகிறது.

எதிர்வீட்டில் மின்வாரியத்தில் பணிபுரிந்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் இருக்கிறார். அவர் காரும் என் காரும் ஏறக்குறைய ஒரே வயது. அவருடையதிலும் தண்ணீர் இருக்கை வரைக்கும் நின்றிருந்தது. 7-ஆம் தேதி காலை அவர் சமையலறைக்குள் போய், சுவரில் தொங்கிய தினசரிக் காலண்டரின் அட்டையில் பெரிதாக அச்சிட்டிருந்த எண்ணை ஒரு துண்டுத் தாளில் குறித்துக்கொண்டார். கைபேசியில் சார்ஜ் இல்லாததால், சிக்னல் கிடைத்த மேட்டுத்தெரு வரை நடந்துபோய், யாருடைய போனையோ வாங்கிப் பேசிவிட்டு வந்தார். அந்த எண் அவருடைய ஏஜென்ட்டின் எண். அன்று மாலையே அந்த ஏஜென்ட் முழங்கால் வரை சேறும் சகதியுமாகத் தம் ஸ்கூட்டரைத் தெருமுனையில் நிறுத்திவிட்டு நடந்து வந்தார்.

“சார், சாவி போட்டுடாதீங்க. முதல்ல பேட்டரி ஒயரைக் கழட்டி விட்டுடலாம். கதவு நாலையும் திறந்து வைங்க, காத்து படட்டும்” என்றபடியே தம் கைபேசியில் காரை நான்கு பக்கமும் படமெடுத்தார். கதவின் உள்பக்க அட்டையில் தண்ணீர் நின்ற இடத்தில் படிந்திருந்த சேற்றுக் கோட்டின் அருகே அன்றைய செய்தித்தாளைப் பிடிக்கச் சொல்லி அதையும் எடுத்தார். தேதிக்குச் சாட்சியாம். இழப்பீடு கோரியதற்கான கிளைம் எண்ணை இரவே வாங்கிக் கொடுத்துவிட்டார். போகிற போக்கில் என் வண்டியையும் எட்டிப் பார்த்து, “தம்பி, நீங்களும் ஒயரைக் கழட்டிடுங்க” என்று சொல்லி, தாமே ஸ்பேனரை எடுத்துக் கழற்றியும் விட்டார். நான் அவருடைய வாடிக்கையாளன் இல்லை.

என் பக்கத்தில் நடந்தது வேறு. சிக்னல் திரும்பியதும் செயலியில் கிளைம் பதிவு செய்தேன். இரண்டே நிமிடத்தில் எண் வந்துவிட்டது. இதில் அவர்களைக் குறை சொல்ல முடியாது. வண்டியை இழுத்துச் செல்லும் வாகனம் 45 நிமிடத்தில் வரும் என்று திரையில் காட்டியது. அந்த 45 நிமிடம் மூன்று நாள்களுக்கு 45 நிமிடமாகவே இருந்தது. அரட்டைப் பெட்டியில் கேட்டால் “உங்கள் பொறுமைக்கு நன்றி” என்று பதில் வந்தது. அழைப்பு மையத்தில் பேசிய பெண் மிகுந்த மரியாதையோடுதான் பேசினார், ஆனால் அவர் இருந்தது வேறு மாநிலத்தில். மடிப்பாக்கத்துக்கும் வேளச்சேரிக்கும் நடுவே எந்தச் சாலை திறந்திருக்கிறது என்பது அவருக்கோ அவருடைய திரைக்கோ தெரிந்திருக்க வழியில்லை. இதற்கு நடுவே, 9-ஆம் தேதி காலை, அதே செயலியிலிருந்து ஒரு செய்தி: மழைக்காலச் சிறப்புச் சலுகையாக எனக்கு இன்னொரு கார் வாஷ் இலவசமாம். என் கார் மூன்று நாள் முழுக்காட்டுப் போட்டுவிட்டு நின்றுகொண்டிருந்தது.

இழுவை வண்டி 11-ஆம் தேதி வந்தது. சர்வேயர் அதற்கு எட்டு நாள் கழித்து வந்தார். அப்போது நடப்பில் இருந்த 2017-ஆம் ஆண்டு விதிகளின்படி, தகவல் கிடைத்த 72 மணி நேரத்துக்குள் நிறுவனம் சர்வேயரை நியமித்திருக்க வேண்டும். இத்தனை பெரிய வெள்ளத்தில் எல்லாருக்கும் தாமதம் ஆகத்தான் செய்யும் என்ற வாதத்தை நான் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எதிர்வீட்டுக் காரைப் பார்க்க 10-ஆம் தேதியே ஆள் வந்துவிட்டார். அதே வெள்ளம், அதே தெரு.

வந்த சர்வேயரைப் பற்றி நல்லதைச் சொல்லாவிட்டால் நன்றி கெட்டவனாவேன். ஒர்க்‌ஷாப் வளாகம் முழுவதும் சேறு பூசிய கார்கள் வரிசையாக நின்றிருந்தன. எல்லாவற்றிலும் பானெட் திறந்து, கார்ப்பெட்டுகள் வெளியே உரித்துப் போடப்பட்டு, ஊறிய பஞ்சின் வாடை தூக்கலாக அடித்தது. அவர் காலணியைக் கழற்றி ஒரு பாலிதீன் பையில் போட்டுக் கையில் பிடித்துக்கொண்டு, வெறுங்காலோடு ஒவ்வொரு வண்டியாக வந்துகொண்டிருந்தார். என் வண்டியில் முதலில் அவர் செய்தது, இன்ஜின் எண்ணெயின் அளவு காட்டும் டிப்ஸ்டிக்கை உருவிப் பார்த்தது. எண்ணெயில் தண்ணீர் கலந்திருந்தால் அது பால் அதிகமான காபி நிறத்தில் நுரைத்திருக்கும். என்னுடையது கறுப்பாகவே இருந்தது. துணியில் துடைத்து மறுபடி விட்டு, மறுபடி உருவி, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, “ஸ்டார்ட் பண்ணல போல” என்றார். பிறகு ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்தார். அடியில் இரண்டு விரல் தண்ணீர் நின்றது. இன்னும் கொஞ்சம் ஏறியிருந்தால், அல்லது நான் ஆர்வக்கோளாறில் ஒருமுறை சாவியைத் திருகியிருந்தால், கதை வேறாக முடிந்திருக்கும்.

சர்வேயர் நிறுவனத்தின் ஊழியர் அல்லர் என்பது பலருக்குத் தெரிவதில்லை. மோட்டார் கிளைமில் இழப்பு ஐம்பதாயிரம் ரூபாயைத் தாண்டினால் உரிமம் பெற்ற, தனித்து இயங்கும் சர்வேயர்தான் மதிப்பிட வேண்டும் என்பது முறை. ஒரே ஆள் இன்று ஒரு நிறுவனத்துக்கும் நாளை இன்னொரு நிறுவனத்துக்கும் வேலை பார்ப்பார். அப்படியிருக்க, ஒரு நிறுவனத்தில் பத்து நாளில் முடிகிற வேலை இன்னொன்றில் இரண்டு மாதம் இழுப்பது ஏன்? இந்தக் கேள்விக்கு விடை சொன்னவர், ஒர்க்‌ஷாப்பின் இன்ஷூரன்ஸ் மேசையில் உட்கார்ந்திருந்த இளைஞர்.

அந்த மேசையில் நாள் முழுவதும் ஒலிக்கும் சொல் ‘டி.ஓ.’ டெலிவரி ஆர்டர் என்பதன் சுருக்கம். வேலை முடிந்து பில் போட்ட பிறகு, இவ்வளவு தொகையை நாங்கள் கட்டுகிறோம், வண்டியை விடலாம் என்று காப்பீட்டு நிறுவனம் ஒர்க்‌ஷாப்புக்கு அனுப்பும் கடிதம் அது. அது வராமல், நாம் பணம் கட்டாமல் நிறுவனமே நேரடியாகக் கட்டும் ‘கேஷ்லெஸ்’ என்ற சொல்லுக்கு அர்த்தமே கிடையாது. அவசரம் என்றால் நாமே முழுப் பணத்தையும் கட்டி வண்டியை எடுத்துக்கொண்டு, பிறகு நிறுவனத்தின் பின்னால் அலைய வேண்டியதுதான். அந்த இளைஞரின் மேசைக் கண்ணாடிக்கு அடியில் எந்த நிறுவனத்துக்கு யாரிடம் பேச வேண்டும் என்று எண்களின் பட்டியல் ஒன்று இருந்தது. சில நிறுவனங்களின் நேரே கோயம்பேட்டிலோ தி.நகரிலோ இருக்கும் ஒரு மனிதரின் பெயரும் எண்ணும் எழுதியிருந்தன. என் நிறுவனத்தின் நேரே பொது மின்னஞ்சல் முகவரி மட்டும் இருந்தது. “இவங்களுக்கு மெயில் போட்டுட்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான் சார். பேச ஆள் கிடையாது” என்றார். சர்வேயரின் அறிக்கையைப் பெற்று, அதைப் படித்து, ஒப்புதல் அளிக்க உள்ளூரில் அதிகாரம் உள்ள ஒரு மனிதர் இருக்கிறாரா இல்லையா என்பதில்தான் அந்த இரண்டு மாதமும் அடங்கியிருக்கிறது. அதற்குச் சம்பளம் கொடுக்க வேண்டும், அலுவலகம் வைக்க வேண்டும். கார் வாஷ் கூப்பன் அதைவிட மலிவு.

கணக்கையும் சொல்லிவிடுகிறேன். வயரிங், எலக்ட்ரானிக் கட்டுப்பாட்டுப் பெட்டி, இருக்கைகள், கார்ப்பெட், ஆட்கூலி எல்லாம் சேர்த்து பில் 1,38,400 ரூபாய். என் வண்டிக்கு அப்போது நாலரை வயது. வழக்கமான பாலிசியாக இருந்தால் உலோகப் பாகங்களில் 35 சதவீதமும் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களில் 50 சதவீதமும் தேய்மானமாகக் கழித்திருப்பார்கள். ஜீரோ டெப் இருந்ததால் அது கழியவில்லை. ஆயில், கூலன்ட், கிரீஸ், போல்ட்டு, கிளிப் என்று ‘கன்ஸ்யூமபிள்ஸ்’ கணக்கில் 6,900 கழிந்தது. இன்ஜினைத் திறந்து சுத்தம் செய்த கூலி 9,500, இன்ஜின் புரொடெக்ட் இல்லாததால் கழிந்தது. ஒவ்வொரு கிளைமிலும் நாமே ஏற்க வேண்டிய கட்டாயக் கழிவு 1,000. மீதி 1,21,000 ரூபாயை நிறுவனம் கொடுத்தது. தொகையில் எனக்குக் குறையில்லை. பாலிசித் தாளில் எழுதியிருந்ததைத்தான் கொடுத்தார்கள், எழுதாததைக் கொடுக்கவில்லை. என் மனக்குறை நாள்களைப் பற்றியது. எதிர்வீட்டுக் கார் பொங்கலுக்கு மறுநாள் வீடு திரும்பியது. என்னுடையது பிப்ரவரி 26-ஆம் தேதி வந்தது, அதுவும் நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கும், காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் பீமா பரோசா என்ற புகார்த் தளத்துக்கும் எழுதிய பிறகு. எழுதிய ஒன்பதாம் நாள் டி.ஓ. வந்துவிட்டது. அதற்கும் அசைந்திருக்காவிட்டால் காப்பீட்டுப் புகார்களை விசாரிக்க சென்னையிலேயே இருக்கும் இன்ஷூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் போயிருப்பேன். ஐம்பது லட்சம் ரூபாய் வரையிலான வழக்குகளை அங்கே கட்டணமில்லாமல், வக்கீல் இல்லாமல் விசாரிக்கிறார்கள். இதற்கிடையே ஆட்டோவுக்கும் வாடகைக் காருக்கும் நான் கொடுத்த பணம், நிறுவனம் மாறியதால் மிச்சப்பட்ட 1,150 ரூபாயைப் பத்து மடங்குக்கு மேல் விழுங்கியிருந்தது.

இந்த ஒரு அனுபவத்தை வைத்து, சலுகை தருகிறவர்கள் எல்லாரும் சேவையில் மோசம் என்று நான் தீர்ப்பு எழுதவில்லை. திருவள்ளூரில் இருக்கும் என் மைத்துனர் பல ஆண்டுகளாக ஒரே ஏஜென்ட்டிடம் பாலிசி எடுத்து வந்தவர். அதே வெள்ளத்தில் அவருடைய ஏஜென்ட் போனையே எடுக்கவில்லை. ஆக, செயலியா ஏஜென்ட்டா என்பதல்ல என் வழக்கு. சேவையை வாங்கும்போது பார்க்க முடியாது, சலுகையைப் பார்க்க முடியும். அதனால் எல்லாரும் கண்ணில் படுவதிலேயே போட்டி போடுகிறார்கள். துணிக்கடையில் சேலையைப் பிரித்து வெளிச்சத்தில் பார்க்கலாம். பாலிசியைப் பிரித்துப் பார்க்க ஒரு விபத்து தேவைப்படுகிறது.

சலுகை என்ற பெயரில் விற்கப்படுபவற்றையும் ஒரே மூட்டையில் கட்டக் கூடாது. ஜீரோ டெப்பும் இன்ஜின் புரொடெக்ட்டும் விளம்பரத்தில் சலுகைகளோடு வரிசையாக நிற்கின்றன, ஆனால் அவை காப்பீட்டின் எலும்பு. ஜீரோ டெப்பை நம் ஊரில் ‘பம்பர் டு பம்பர்’ என்பார்கள். புது வாகனங்களுக்கு ஐந்து ஆண்டுகளுக்குப் பம்பர் டு பம்பர் காப்பீடு கட்டாயம் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2021 ஆகஸ்டில் உத்தரவிட்டு, நிறுவனங்கள் பதறி, செப்டம்பரில் அது திரும்பப் பெறப்பட்டதைப் பலர் மறந்திருக்க மாட்டார்கள். சாலையோர உதவியோ இரண்டுங்கெட்டான். சாதாரண நாளில் டயர் பஞ்சரானால் அது அருமையான சலுகை. ஊரே மூழ்கிய நாளில் இழுவை வண்டி வந்தால்தான் அது சேவை. கூப்பனும் கேஷ்பேக்கும் வண்டிக்கு ஒன்றும் ஆகாத நாள்களில் மட்டுமே பயன்படுபவை. ஒன்றும் ஆகாத நாளுக்கு எனக்குக் காப்பீடு தேவையில்லை.

எல்லாச் சலுகைகளிலும் மூத்தது ‘நோ கிளைம் போனஸ்’. கிளைம் இல்லாத ஒவ்வோர் ஆண்டுக்கும் ஓன் டேமேஜ் பிரீமியத்தில் 20, 25, 35, 45, 50 சதவீதம் என்று தள்ளுபடி ஏறிக்கொண்டே போகும். இது வண்டிக்கு உரியதல்ல, உரிமையாளருக்கு உரியது. பழைய காரை விற்றுப் புதிதாக வாங்கினாலும் கூடவே வரும். பாலிசி முடிந்து 90 நாளுக்குள் புதுப்பிக்காவிட்டால் போய்விடும். நியாயமான ஏற்பாடுதான், எனக்கும் பிடிக்கும். ஆனாலும் இதிலே ஒரு சின்னச் சூட்சுமம் உண்டு. நான்காயிரம் ரூபாய் டிங்கரிங் வேலைக்குக் கிளைம் போட்டால் 45 சதவீத போனஸ் போய்விடுமே என்று அஞ்சி, நாமே கைக்காசைப் போட்டு முடித்துவிடுகிறோம். பல ஆண்டுகள் அப்படியே போவதால், நம் நிறுவனத்தின் சேவை எப்படி என்று சோதித்துப் பார்க்கும் வாய்ப்பே நமக்குக் கிடைப்பதில்லை. முதல் சோதனையே வெள்ளத்தில்தான் நடக்கிறது.

2024 ஜூனில் ஒழுங்குமுறை ஆணையம் விதிகளை இறுக்கியது. கிளைம் பதிவான 24 மணி நேரத்துக்குள் சர்வேயரை ஒதுக்க வேண்டும், 15 நாளில் அறிக்கையைப் பெற வேண்டும், பெற்ற ஏழு நாளில் முடிவைச் சொல்ல வேண்டும், ஆவணம் போதவில்லை என்ற காரணத்தைக் காட்டி மட்டும் கிளைமை நிராகரிக்கக் கூடாது என்கிறது புதிய சுற்றறிக்கை. தாளில் நன்றாகவே இருக்கிறது. அடுத்த பெருவெள்ளத்தில் தெரியும்.

அந்த ஜூலையில் புதுப்பிக்கும் நேரம் வந்தபோது செயலியைத் திறப்பதற்கு முன் நான் ஒர்க்‌ஷாப் இளைஞரிடம் போனேன். எந்த நிறுவனத்தின் டி.ஓ. பில் போட்ட அன்று மாலைக்குள் வருகிறது என்று மட்டும் கேட்டேன். யோசிக்காமல் மூன்று பெயர்களைச் சொன்னார். நிறுவனங்கள் காலாண்டுக்கு ஒருமுறை தங்கள் இணையதளத்தில் வெளியிட வேண்டிய கணக்குகளில், கிளைம்கள் எத்தனை மாதத்தில் தீர்க்கப்பட்டன என்ற அட்டவணையும் இருக்கும். வீட்டுக்கு வந்து அதையும் தேடிப் பார்த்தேன். மொத்தத்தில் எத்தனை சதவீதம் தீர்த்தார்கள் என்று விளம்பரத்தில் போடும் எண்ணைவிட இது பயனுள்ளது, ஏனெனில் ஆறு மாதம் கழித்து ஒரு பகுதியைக் கழித்துக் கொடுத்ததும் அந்தச் சதவீதத்தில் ‘தீர்க்கப்பட்டது’ என்றுதான் சேரும். ஆனாலும் உண்மையைச் சொன்னால், அட்டவணையைவிட அந்த இளைஞரின் மூன்று பெயர்களைத்தான் நான் அதிகம் நம்பினேன். அவற்றில் ஒன்று எதிர்வீட்டுப் பெரியவரின் நிறுவனம்.

போனஸ் பூஜ்யத்துக்கு இறங்கிவிட்டதாலும், இன்ஜின் புரொடெக்ட்டையும் கன்ஸ்யூமபிள்ஸையும் சேர்த்துக்கொண்டதாலும் பிரீமியம் முந்தைய ஆண்டைவிட நான்காயிரம் ரூபாய்க்கு மேல் கூடியது. செயலியில் இதே சேர்க்கைகளோடு பார்த்தால் 900 ரூபாய் குறைவாகவே காட்டியது, கூடவே நான்கு கார் வாஷ். நான் ஏஜென்ட்டைக் கூப்பிட்டேன். அவர் வீட்டுக்கு வந்து, காரை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு, காபி குடித்துவிட்டு, “மழைக்காலத்துல மட்டும் வண்டியைக் கொஞ்சம் மேட்டுல ஏத்தி வெச்சிடுங்க தம்பி, பாலிசி இருக்குன்னு விட்றாதீங்க” என்றார். அந்த அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்த இரவு, வேளச்சேரி மேம்பாலத்தின் ஓரத்தில் ஊர்க்காரர்கள் எல்லாரும் தத்தம் கார்களை வரிசையாக ஏற்றி நிறுத்தினார்கள். என் காரும் எதிர்வீட்டுக் காரும் அந்த வரிசையில் அடுத்தடுத்து நின்றன. நல்லவேளையாக எங்கள் பகுதியில் அன்று பயந்த அளவுக்குத் தண்ணீர் வரவில்லை.

டிசம்பர் கடைசியில் ஏஜென்ட் மறுபடி வந்தார், கையில் ஒரு தினசரிக் காலண்டரோடு. மேலே முருகன் படம், கீழே அவருடைய பெயர், அதற்கும் கீழே கட்டை எழுத்தில் செல்பேசி எண். 41-ஆவது பிரிவில் இது குற்றமாகாது என்று நம்புகிறேன். என் மனைவி அதைச் சமையலறையில், பெரியவர் வீட்டில் தொங்குகிற அதே மாதிரி, அடுப்புக்கு எதிர்ச்சுவரில் ஆணியடித்து மாட்டியிருக்கிறாள்.